அரசுகளின் தூதர்கள் – 12: சன்னல் அடைத்த வீட்டிலிருந்து ஒரு சமாதானம்

1569-இல் இஸ்தான்புல்லிலிருந்து வெனிஸுக்குப் போன அரசாங்கத் தபாலில் கண்ணாடி விளக்குகளின் படங்கள் இருந்தன. மசூதியில் தொங்கவிடும் விளக்குகள். அந்த மாதிரியில் 900 விளக்குகள் வேண்டும் என்று உஸ்மானியப் பேரரசின் தலைமை வசீர் சொக்கொல்லு மெஹ்மெத் பாஷா கேட்டிருந்தார். கண்ணாடி வேலையில் முரானோ தீவுக்காரர்களை மிஞ்ச அன்று ஐரோப்பாவில் ஆள் இல்லை. வசீருக்கும் அது நன்றாகத் தெரியும். படங்களை அனுப்பி வைத்தவர் இஸ்தான்புல்லில் தங்கியிருந்த வெனிஸ் தூதர் மார்க்கந்தோனியோ பார்பரோ.

அடுத்த ஆண்டே இரு அரசுகளுக்கும் போர் மூண்டது. விளக்குக் கேட்ட வசீரின் ஆணைப்படி தூதர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். வாசலில் காவல் நின்றது, சன்னல்கள் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தக் காவல் விலகாத நிலையிலேயே, அதே வசீரும் அதே தூதரும் பேசி முடித்த உடன்படிக்கைதான் சைப்ரஸ் போரை நிறுத்தியது. இந்த அத்தியாயம் அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றியது.

ஒரு நாட்டின் தூதர் வேறொரு நாட்டுத் தலைநகரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வழக்கம் இத்தாலிய நகர அரசுகளுக்குள் எப்படி வேர்விட்டது என்பதை முன் அத்தியாயங்களில் பார்த்தோம். அந்த அரசுகள் ஒரே மதத்தவை, ஒரே லத்தீனில் எழுதியவை, ஒன்றின் சடங்கு மற்றொன்றுக்குப் பழகியவை. மொழியும் மதமும் சட்டமும் வேறான ஒரு பேரரசின் நடுவே அதே வழக்கம் எப்படி நடந்தது என்பதற்கு இஸ்தான்புல்லை விட நல்ல இடம் கிடையாது.

அங்கே வெனிஸின் தூதருக்குப் பட்டம் பாய்லோ. பைசாந்தியப் பேரரசர்கள் காலத்திலிருந்து வருகிற பழைய பதவி அது. 1453-இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நகரைப் பிடித்தபோது, கோட்டைச் சுவரில் நின்று எதிர்த்துப் போரிட்ட பாய்லோ ஜிரோலாமோ மினோத்தோவின் தலை வெட்டப்பட்டது. ஓர் ஆண்டு கூட முழுதாகப் போகவில்லை. 1454 ஏப்ரலில் வெனிஸ் அதே சுல்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டு புதிய பாய்லோவை உட்கார வைத்தது. வெனிஸுக்கு வயல் கிடையாது. கடலும் கப்பலும் சரக்கும்தான் சோறு போட்டன. மலபார் மிளகும் சீரியாவின் பட்டும் பருத்தியும் அலெக்சாந்திரியா, அலெப்போ வழியாகத்தான் வர வேண்டும். 1517-க்குப் பிறகு அந்த இரண்டு ஊர்களும் சுல்தானின் ஊர்கள். அவரோடு பேசாமல் வெனிஸ் வாழ முடியாது.

பொன் கொம்பு கடற்கழிக்கு வடக்கே கலாத்தா. அதற்கு மேல் மேட்டில் பெரா. பாய்லோவின் வீடு அந்தப் பக்கம். செயலர், பாதிரியார், வைத்தியர், துபாஷிகள், காவலுக்குச் சுல்தானே கொடுத்த ஜானிசரி வீரர்கள் என்று அந்த வீட்டில் ஆள்கூட்டம் எப்போதும் உண்டு. வெனிஸ் வணிகர்களின் வழக்கை அவர்தான் தீர்க்க வேண்டும். அடிமைப்பட்ட வெனிஸ் குடிமக்களைப் பணம் கொடுத்து மீட்க வேண்டும். கொள்ளைபோன கப்பலுக்கு இழப்பீடு கேட்க வேண்டும். இதற்கெல்லாம் நடுவே, உஸ்மானியக் கப்பற்பட்டறையில் இந்தப் பருவம் எத்தனை கப்பலுக்கு மரம் அறுக்கிறார்கள் என்பதையும் கண்டறிந்து சங்கேத எழுத்தில் ஊருக்கு எழுத வேண்டும். கடிதம் பால்கன் மலைகளைக் கடந்து கத்தாரோ துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி வெனிஸ் போக ஒரு மாதம் ஆகும். பனிக்காலத்தில் அதற்கும் மேல். பதில் வர இன்னொரு மாதம். ஆகவே அவசரத்தில் பாய்லோ எடுத்த முடிவுதான் வெனிஸின் முடிவு. பின்னாலிருந்து செனட் கண்டிக்கலாம், தடுக்க முடியாது.

அவருக்கு இருந்த பெரிய பலவீனம் மொழி. பாய்லோக்கள் பிரபுக் குடும்பத்து வெனிஸ்காரர்கள். துருக்கி மொழி தெரியாதவர்கள். துபாஷிகளோ பெரும்பாலும் பெராவில் பல தலைமுறையாக வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர், அதாவது சுல்தானின் குடிமக்கள். வசீரிடம் கடுமையான சொல்லைக் கொண்டுபோய்ச் சொன்னால் கழுத்து துபாஷியின் கழுத்து. அதனால் பாய்லோ உறுதியாகச் சொன்னது வசீரின் காதில் விண்ணப்பமாக விழும். இதைப் பல ஆண்டுகள் பார்த்துச் சலித்த செனட் 1551-இல் ஒரு முடிவெடுத்தது: வெனிஸ் இளைஞர்களை இஸ்தான்புல்லுக்கு அனுப்பி, பாய்லோ வீட்டிலேயே தங்க வைத்து, துருக்கி மொழி கற்பிக்க வேண்டும். ஐரோப்பிய அரசுகள் தூதுப் பணிக்கென்று ஆள் பயிற்றுவித்த முன்னோடி ஏற்பாடுகளில் இது ஒன்று. கொள்ளைநோயும் வீட்டு நினைவும் அந்த இளைஞர்களில் பலரை வென்றன. வேலையை இறுதிவரை தாங்கியவர்கள் பெராவின் பழைய குடும்பங்கள்தான்.

இனி எதிர்ப்பக்கம். உஸ்மானியர் வேறு நாட்டில் நிரந்தரத் தூதர் வைப்பதில்லை. தேவைப்பட்டால் சாவுஷ் எனப்படும் அரண்மனைச் சேவகரையோ அரசவை மொழிபெயர்ப்பாளரையோ அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய முதல் நிரந்தரத் தூதர் யூசுஃப் ஆகா எஃபெந்தி லண்டனில் போய் அமர்ந்தது 1793-இல். பிறர் நம் வாசலுக்கு வரட்டும், நாம் போக வேண்டியதில்லை என்பது அவர்கள் அரசியல் நம்பிக்கை. உடன்படிக்கையும் அப்படியே. அஹ்த்நாமே என்ற அந்தப் பத்திரம் சுல்தான் மனமிரங்கிக் கொடுக்கும் வாக்குறுதியின் வடிவில் இருக்கும். கொடுத்த சுல்தான் இறந்தால் அடுத்தவரிடம் மீண்டும் வாங்க வேண்டும். சுலைமான் 1566-இல் இறந்து மகன் இரண்டாம் செலிம் பட்டத்துக்கு வந்ததும் வெனிஸ் ஓடிப்போய் 1567-இல் அதைப் புதுப்பித்துக்கொண்டது.

தூதரைச் சுல்தான் சந்திக்கும் நாளையும் கவனமாகத் தேர்ந்தெடுப்பார்கள். ஜானிசரிப் படைக்குச் சம்பளம் கொடுக்கும் நாளாகப் பார்த்து வரச் சொல்வது வழக்கம். இரண்டாம் முற்றத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருமல் சத்தம்கூட இல்லாமல் நிற்பார்கள். பணப்பைகள் குவிந்து கிடக்கும். திவான் மண்டபத்தில் தலைமை வசீரோடு சாப்பாடு. அந்த மண்டபச் சுவரில் கம்பி வலையிட்ட ஒரு சன்னல், அதன் பின்னால் சுல்தான் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிறகு தூதருக்கும் அவர் பரிவாரத்துக்கும் கஃப்தான் அங்கிகள் போர்த்துவார்கள். எத்தனை பேருக்கு அங்கி, எந்தத் துணியில் அங்கி என்பதை வைத்து அந்த அரசுக்கு அன்று என்ன மதிப்பு என்று நகரமே கணக்குப் போடும். கடைசியில் இரண்டு வாயிற்காவலர்கள் தூதரின் இரு கைகளையும் பிடித்துச் சுல்தான் முன் அழைத்துப் போவார்கள். 1389-இல் கொசோவோ போரில் முதலாம் முராத் கொல்லப்பட்டதிலிருந்து வந்த பாதுகாப்பு இது என்று சொல்வதுண்டு. சுல்தான் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார்.

ஐரோப்பியத் தூதர்கள் பலர் இதை அவமானம் என்று எழுதி வைத்தார்கள். வெனிஸ்காரர்கள் பழகிக்கொண்டார்கள். வெல்வெட், கண்ணாடி, கடிகாரம் எனப் பரிசுகளோடு வந்தார்கள். பியாசென்சாவின் பாலாடைக்கட்டிக்கு இஸ்தான்புல் பெரிய மனிதர்களிடம் இருந்த பிரியம் தெரிந்து அதையும் சக்கரம் சக்கரமாகக் கொண்டுவந்தார்கள். சடங்கில் யார் பெரியவர் என்ற கேள்வியைச் சுல்தானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, சரக்கில் சுங்கம் எவ்வளவு என்ற கேள்வியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அதில் நான் குறை காணவில்லை. வெறும் பெருமைக்குச் சண்டை பிடித்த தூதர்களின் கதை இந்தத் தொடரில் இன்னும் வரும். அவர்களோடு ஒப்பிட்டால் பாய்லோக்கள் தொழில் தெரிந்தவர்கள்.

இந்த ஏற்பாட்டின் இருண்ட பக்கம் ஒன்று உண்டு. உஸ்மானியப் பார்வையில், தலைநகரில் இருக்கும் தூதர் தன் அரசின் நடத்தைக்குப் பிணை. அரசு வாக்குத் தவறினால் பிணைக்கு அடி விழும். ஹாப்ஸ்பர்க் தூதர் மல்வெசி 1551-இல் சிறையில் போடப்பட்டார். உடல் சீரழிந்து வெளியே வந்தவர் அதிக நாள் பிழைக்கவில்லை. அவருக்கு அடுத்து வந்த பியூஸ்பெக் பல ஆண்டுகள் இஸ்தான்புல்லில் காவலோடு அடைந்து கிடந்தபடிதான் தன் புகழ்பெற்ற கடிதங்களுக்கான செய்திகளைச் சேர்த்தார். தூதரைத் தொடக்கூடாது என்ற விதி அன்று ஐரோப்பாவிலேயே எழுத்தில் உறுதிப்படாத ஒன்று. பேசுவதற்கு ஆள் வேண்டும் என்ற தேவை இருக்கும்வரைதான் தூதருக்கு உயிர்.

பார்பரோ 1568-இல் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 50. பிரான்சில் தூதராக இருந்த அனுபவம் உண்டு. அண்ணன் தானியேலே கட்டடக்கலை அறிஞர். இருவருமாகச் சேர்ந்து மசேர் என்ற ஊரில் பல்லாதியோவைக் கொண்டு கட்டிய மாளிகையும், அதில் வெரோனேசே தீட்டிய சுவரோவியங்களும் இன்றும் இருக்கின்றன. அவர் எதிரே அமர்ந்த சொக்கொல்லு போஸ்னியாவின் ஒரு கிராமத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவர்களை அரசப் பணிக்குப் பிடித்துப்போகும் முறையில் இஸ்தான்புல் வந்து, படிப்படியாக ஏறித் தலைமை வசீரானவர். சுல்தான் செலிமின் மகளைக் கட்டியவர். பேரரசை நடத்தியவர் அவர்தான்.

சைப்ரஸ் தீவு 1489 முதல் வெனிஸின் ஆட்சியில் இருந்தது. அதற்காக ஆண்டுக்கு 8,000 டுக்காட் திறை முதலில் எகிப்தின் மம்லூக்குகளுக்கும், 1517-க்குப் பிறகு சுல்தானுக்கும் போனது. சுல்தானின் கடலுக்கு நடுவே, எகிப்துக் கப்பல் போகிற வழியில், கிறிஸ்தவக் கடற்கொள்ளையருக்கு ஒதுங்க இடம் கொடுக்கிற தீவு. தளபதிகளான லாலா முஸ்தபா பாஷாவும் பியாலே பாஷாவும் அதைப் பிடித்தே தீர வேண்டும் என்றார்கள். சொக்கொல்லு வேண்டாம் என்றார். வெனிஸைத் தொட்டால் அது ஸ்பெயினின் மடியில் போய் விழும் என்பது அவர் கணக்கு. போட்டியாளர்கள் வெற்றி பெற்றுத் திரும்பினால் தன் இடம் ஆடும் என்பதும் அதே கணக்கில் சேர்ந்தது. 1569 செப்டம்பரில் வெனிஸின் கப்பற்பட்டறையில் வெடிமருந்து வெடித்துத் தீப்பிடித்த செய்தி வந்ததும் போர்க் கட்சியின் கை ஓங்கியது.

ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன்தான் சுல்தான் சத்தியம் செய்து அஹ்த்நாமே கொடுத்திருக்கிறார். அதை எப்படி மீறுவது? இந்தக் கேள்வியை அவர்கள் கேட்டார்கள் என்பதே என்னைப் பல முறை யோசிக்க வைத்திருக்கிறது. பேரரசின் தலைமை முஃப்தி எபுசுவூதிடம் கேள்வி போனது. ஒரு காலத்தில் இஸ்லாமியர் கையில் இருந்த நிலத்தை மீட்பதற்காக உடன்படிக்கையை முறிக்கலாம், முஸ்லிம்களுக்கு நன்மை இருக்கும்வரைதான் சமாதானம் செல்லும் என்ற கருத்தில் அவர் ஃபத்வா கொடுத்தார். வல்லவன் தன் விருப்பப்படி அடித்தான் என்று இதை ஒதுக்கிவிடலாம். நான் அப்படி ஒதுக்க மாட்டேன். வாக்கை மீறுவதற்குக்கூட ஒரு சட்ட நியாயம் தேட வேண்டியிருந்த உலகம் அது. அந்த நியாயத்தைத் தேடும் பழக்கம் இருந்ததால்தான் பின்னால் மீண்டும் ஒரு வாக்கைக் கொடுக்கவும் வாங்கவும் முடிந்தது.

1570 மார்ச் இறுதியில் குபாத் என்ற சாவுஷ் வெனிஸில் வந்து இறங்கினார். முன்பும் வந்தவர்தான், அப்போது கிடைத்த வரவேற்பு இப்போது இல்லை. சைப்ரஸைக் கொடு, இல்லாவிட்டால் எடுத்துக்கொள்வோம் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. செனட் மறுத்தது. இதற்குச் சில வாரம் முன்பே வெனிஸ் இன்னொரு வேலையும் செய்திருந்தது. மஹ்மூத் என்ற உஸ்மானிய அரசவை மொழிபெயர்ப்பாளர் பிரான்ஸ் அரசரிடம் தூது போகிற வழியில் வெனிஸுக்கு வந்திருந்தார். வியன்னாவில் பிறந்து, இளமையில் போரில் பிடிபட்டு, இஸ்லாத்தைத் தழுவி, அரசவையில் உயர்ந்தவர். அவரைப் பிடித்து வெரோனா நகரில் அடைத்து வைத்தார்கள். போர் முடியும்வரை அவரும் அங்கேதான். பிணை பிடிக்கும் வழக்கம் துருக்கியருக்கு மட்டும் உரியது என்று எழுதும் ஐரோப்பிய நூல்கள் மஹ்மூதை எளிதாக மறந்துவிடுகின்றன.

பெராவில் பார்பரோவின் வீட்டுக்குக் காவல் வந்தது. வெனிஸ் வணிகர்கள் பிடிக்கப்பட்டார்கள், அவர்கள் சரக்கு முடக்கப்பட்டது. ஏழு கோபுரச் சிறைக்கு அவரை அனுப்பாமல் வீட்டிலேயே வைத்தது சொக்கொல்லுவின் முடிவு. அந்த முடிவில் கருணை எவ்வளவு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சிறைக்குப் போன தூதரோடு பேரம் பேச முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தான் விரும்பாத போருக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

அந்தக் கதவு வழியாக உள்ளே போய் வந்தவர் ஒரு வைத்தியர். சாலமோன் அஷ்கெனாசி இத்தாலியின் உதினே நகரில் பிறந்த யூதர். வெனிஸ் ஆட்சிக்குட்பட்ட பாதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். போலந்து அரசரின் வைத்தியராக இருந்துவிட்டு 1564-இல் இஸ்தான்புல் வந்து, நாளடைவில் சொக்கொல்லுவின் வைத்தியரும் நம்பிக்கைக்குரியவரும் ஆனார். வைத்தியர் எந்த வீட்டுக்கும் எந்நேரமும் போகலாம். காவலன் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லலாம். இத்தாலிய மொழியும் துருக்கி அரசவையின் போக்கும் ஒருசேரத் தெரிந்த அவர் வசீரின் சொல்லைத் தூதரிடமும் தூதரின் சொல்லை வசீரிடமும் கொண்டுபோனார். அவருக்குப் பதவி கிடையாது, நற்சான்றுப் பத்திரம் கிடையாது, எந்தச் சடங்கிலும் இடம் கிடையாது. பிடிபட்டால் காப்பாற்ற எந்த அரசும் வராது. தூதின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கியும் அணிவகுப்புமாகப் பக்கங்களை நிரப்பிவிட்டு இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வரி கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் வேலையில் பாதிக்கு மேல் இவர்கள் செய்தது.

1570 செப்டம்பர் 9-இல் நிக்கோசியா வீழ்ந்தது. 1571 வசந்தத்தில் வெனிஸ் ஜாக்கோப்போ ரகசோனி என்பவரை இஸ்தான்புல்லுக்கு அனுப்பியது. வெளியில் சொன்ன காரணம் இரு பக்கமும் பிடிபட்ட வணிகர்களை மாற்றிக்கொள்வது. உள்ளே இருந்தது சமாதானப் பேச்சு. அதே நேரம் ரோமாபுரியில் போப் ஐந்தாம் பயஸும் ஸ்பெயினும் சேர்ந்த கூட்டணியில் கையெழுத்திடும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. இரட்டை வேடம் என்று அப்போதே ஸ்பெயின்காரர்கள் திட்டினார்கள். வெனிஸுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்பெயினின் கப்பல்கள் வரும், வராது; வந்தாலும் சண்டைக்கு நிற்கும், நிற்காது. மே 25-இல் கூட்டணி முடிவானதும் ரகசோனியின் பேச்சு அடிபட்டுப் போனது.

ஆகஸ்டில் ஃபமகுஸ்தா கோட்டை, பதினொரு மாத முற்றுகைக்குப் பின், உயிருக்கு உத்தரவாதம் பெற்றுச் சரணடைந்தது. உத்தரவாதம் காற்றில் போனது. தளபதி பிரகதீனை, அவருக்கும் பெயர் மார்க்கந்தோனியோதான், லாலா முஸ்தபாவின் ஆணைப்படி உயிரோடு தோலுரித்தார்கள். வைக்கோல் திணித்த அந்தத் தோல் இஸ்தான்புல்லுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே நகரில், அக்கரையில், அடைத்த சன்னல்களுக்குள் பார்பரோ இருந்தார். தன் ஊர்ப் பிரபு ஒருவருக்கு நேர்ந்த கதியை அறிந்த பிறகும், அதைச் செய்த அரசின் வசீரோடு தன் குரலில் நடுக்கமோ வெறுப்போ வெளிப்படாமல் பேசியாக வேண்டும். இந்த இடத்தில்தான் தூதர் வேலையின் கடினம் எனக்கு முழுதாக விளங்குகிறது. போர்க்களத்து வீரனுக்குக் கோபம் துணை; தூதருக்கு அந்தத் துணையும் கிடையாது.

அக்டோபர் 7-இல் லெபாந்தோ. கூட்டணியின் கப்பற்படை உஸ்மானியக் கப்பற்படையை ஒரே நாளில் சிதறடித்தது. கைப்பற்றப்பட்ட கப்பல்கள் மட்டும் நூற்றுக்கு மேல். துடுப்பில் பிணைக்கப்பட்டிருந்த கிறிஸ்தவ அடிமைகள் ஆயிரக்கணக்கில் விடுதலை பெற்றார்கள். எழுத்தாளர் செர்வாந்தெஸின் இடது கை செயலிழந்தது அந்தப் போரில்தான். ஐரோப்பா முழுதும் மணிகள் முழங்கின, ஓவியர்கள் தூரிகையை எடுத்தார்கள். வெற்றிக் களிப்பின் சூட்டில் வெனிஸ் செனட் டிசம்பரில் தன் நகரின் யூதர்களை வெளியேற்ற முடிவெடுத்தது.

இஸ்தான்புல்லில் சொக்கொல்லு பார்பரோவிடம் சொன்னதாக ஒரு பேச்சு நூல்கள்தோறும் வருகிறது. சைப்ரஸைப் பிடித்ததன் மூலம் உங்கள் கையை வெட்டினோம், நீங்கள் லெபாந்தோவில் எங்கள் தாடியை மழித்தீர்கள். வெட்டிய கை முளைக்காது, மழித்த தாடி முன்னிலும் அடர்த்தியாக வளரும் என்பது அதன் சாரம். சொற்கள் எப்படி இருந்தாலும் பொருள் சரி. அந்தக் குளிர்காலத்திலேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புதுக் கப்பல்கள் கட்டப்பட்டன. 1572 கோடையில் உஸ்மானியக் கப்பற்படைத் தலைவர் கிலிச் அலி பாஷா அவற்றோடு கடலில் இருந்தார். பச்சை மரம், பழகாத மாலுமிகள் என்பதால் சண்டைக்கு வராமல் நழுவினார், ஆனால் இருந்தார். கூட்டணியோ ஒரு பருவம் முழுவதையும் வாக்குவாதத்தில் தொலைத்தது. மே மாதம் போப் பயஸ் இறந்தார். ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் கவனம் நெதர்லாந்துக் கலகத்திலும் பிரான்ஸ் மீதான சந்தேகத்திலும் இருந்தது. வெனிஸின் கருவூலம் காலி, மிளகுக் கப்பல் இல்லை, தல்மாத்தியாவில் ஊர்கள் பறிபோகின்றன.

1572 இலையுதிர் காலத்தில் வெனிஸின் பதின்மர் அவை, செனட்டின் பொது விவாதத்துக்கு விடாமல், பார்பரோவுக்கு ரகசிய அதிகாரம் அனுப்பியது: முடிக்க முடிந்த நிபந்தனையில் முடி. பிரான்ஸின் தூதரான தாக்ஸ் நகர ஆயர் பிரான்சுவா த நோவாயும் நடுவில் நின்று உதவினார். பிரான்ஸுக்கு அதில் லாபம் இருந்தது. கூட்டணி உடைந்தால் ஸ்பெயின் தனியாகும். மீண்டும் அஷ்கெனாசியின் நடை. பார்பரோவிடம் பேரம் பேச ஒன்றே ஒன்று மிச்சம்: கூட்டணியிலிருந்து வெனிஸ் விலகும் என்ற வாக்கு. கூட்டணி தானாகவே உடைகிறது என்று வசீருக்குத் தெரிவதற்குள் அதை விற்றாக வேண்டும். சொக்கொல்லுவுக்கும் அவசரம் இருந்தது. ஸ்பெயின் மீது திரும்ப வேண்டும், போட்டியாளர்கள் இன்னொரு வெற்றி பெறுவதற்குள் போரை மூட வேண்டும்.

1573 மார்ச் 7-இல் முடிந்தது. சைப்ரஸ் சுல்தானுக்கு. வெனிஸ் மூன்று ஆண்டுகளில் 3,00,000 டுக்காட் கட்ட வேண்டும். தீவுக்கு முன்பு கட்டிய திறையைக் கொண்டு பார்த்தால் 37 ஆண்டுத் தொகைக்கும் மேல். சாந்தே தீவுக்கான திறை 500-இலிருந்து 1,500 ஆனது. அல்பேனியக் கரையில் பிடித்த சொபோத்தோ கோட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிலுக்குத் தல்மாத்திய எல்லை பழையபடி வரும், வணிகர்களின் சரக்கு திரும்பும், கப்பல்கள் மீண்டும் அலெக்சாந்திரியா போகலாம். கடற்போரில் வென்றவர்கள் தோற்றவர்களைப் போல ஒப்புக்கொண்ட பத்திரம் இது.

ஏப்ரலில் செய்தி பரவியதும் புதிய போப் பதின்மூன்றாம் கிரகோரி வெனிஸ் தூதர் மீது எரிந்து விழுந்தார். கிறிஸ்தவ உலகத்துக்குத் துரோகம் என்று ரோமாபுரியிலும் நேப்பிள்ஸிலும் பேசினார்கள். வெனிஸ் தாங்கிக்கொண்டது. யூதர்களை வெளியேற்றும் ஆணை அதே ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. அதில் அஷ்கெனாசியின் செல்வாக்குக்குப் பங்கு உண்டு. 1574-இல் அவரே சுல்தானின் தூதராக வெனிஸுக்கு வந்தார். தன் மதத்தவரை விரட்டத் தீர்மானித்திருந்த அதே நகரில் ஆட்சித் தலைவரான டோஜே அல்விசே மொச்செனிகோ அவரை உரிய மரியாதைகளோடு வரவேற்றார். ஒரு யூதரைத் தூதராக ஏற்பதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அனுப்பியவர் சுல்தான்.

பார்பரோ ஊர் திரும்பினார். காவலில் இருக்கும்போதே அவரைப் புனித மாற்கு ஆலயத்தின் புரொக்குரேட்டராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். டோஜேக்கு அடுத்த பெரிய கௌரவம் அது. வழக்கப்படி செனட்டின் முன் நின்று தன் தூதின் முழு அறிக்கையைப் படித்தார். நாடு திரும்பும் தூதர் அறிக்கை தர வேண்டும் என்ற வெனிஸின் விதி 1268-இலிருந்து வருகிறது. அந்த அறிக்கைகள் இல்லாவிட்டால் உஸ்மானிய அரசவையைப் பற்றி ஐரோப்பா அறிந்ததில் பெரும்பகுதி நமக்கும் கிடைத்திருக்காது. பிற்காலத்தில் ரியால்தோ பாலம் கட்டும் குழுவிலும், பல்மனோவா கோட்டை நகர் வேலையிலும் அவர் பெயர் வருகிறது. 1595-இல் இறந்தார். சொக்கொல்லு அதற்கு முன்பே, 1579 அக்டோபரில், கத்தியால் குத்தப்பட்டு இறந்துபோனார்.

லெபாந்தோவைப் பற்றி நூற்றுக்கணக்கான நூல்களும் ஓவியங்களும் இருக்கின்றன. பெராவின் அந்த வீட்டைப் பற்றி விரல்விட்டு எண்ணலாம். என் தீர்ப்பு இதுதான்: லெபாந்தோ வெற்றி வெனிஸுக்கு ஓர் அடி நிலத்தையும் திரும்பக் கொடுக்கவில்லை. அவமானகரமானது என்று திட்டப்பட்ட 1573 உடன்படிக்கையோ, 1645-இல் உஸ்மானியப் படை கிரீட் தீவில் இறங்கும்வரை, 72 ஆண்டுகள் நின்றது. அந்தக் கிரீட் போரில் ஒரு பாய்லோ சங்கிலியில் பூட்டப்பட்டார், அவருடைய துபாஷி கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அந்தத் துபாஷியின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)